ஒலியின் பிறப்பும் ஒடுக்கமும்

1948-ஆம் வருஷம் பாரிஸ் வானொலியில் பணியாற்றிவந்த பியேர் ஷேஃபர் என்ற பொறியாளர் ஒரு மணியின் நாதத்தைப் பதிவு செய்தபோது, அடி விழும் அந்த முதற்கணத்தை மட்டும் பதிவுக்குள் வராதபடி விலக்கிவிட்டு, அடிக்குப் பின் நீண்டு ஒலிக்கும் ரீங்காரத்தை மாத்திரம் பிடித்துக்கொண்டார். பிறகு, தேய்ந்துகொண்டே போகும் அந்த ரீங்காரத்தின் அளவைச் சிறுகச் சிறுக உயர்த்திச் சமமாக்கிக் கேட்டார். கேட்டபோது மணி காணாமற்போயிருந்தது. அதன் இடத்தில் ஓபோ என்னும் ஐரோப்பியத் துளைக்கருவியின் சாயலுடைய ஒரு நாதம் இருந்தது. சுருதி அதுவேதான், உலோகமும் அதுவேதான். தொடக்கத்தில் ஒரு துணுக்கையும் முடிவில் ஒரு சரிவையும் எடுத்துவிட்டவுடன் வாத்தியமே வேறாகிவிட்டது. ஒரு நாதத்தை இன்ன வாத்தியத்தினுடையது என்று செவி இனங்கண்டுகொள்வதற்கு, அது பிறக்கும் விதமும் ஒடுங்கும் விதமும் எவ்வளவு பெரிய ஆதாரம் என்பதை இதைக் காட்டிலும் எளிதாக விளக்கும் சோதனை வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. சிந்தசைசர் என்னும் மின்னணு வாத்தியத்தைப் பற்றி எழுதப் புகும் நான் மணியிலிருந்து தொடங்குவதற்குக் காரணம், அந்த வாத்தியத்தின் குமிழ்களும் பொத்தான்களும் பெரும்பாலும் இந்த ஒரே உண்மையைச் சுற்றி அமைந்தவை என்ற நம்பிக்கையேயாகும்.

இந்த உண்மை நெடுங்காலம் சாஸ்திரத்தின் ஓரத்திலேயே நின்றுகொண்டிருந்தது. ஜெர்மானிய விஞ்ஞானி ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ், 1863-இல் வெளியிட்ட மகத்தான நூலில், ஒரே சுருதியில் ஒலிக்கும் வயலினையும் குழலையும் செவி வேறுபடுத்தி அறிவதற்குக் காரணம், அடிப்படைச் சுரத்தோடு கூடவே பிறக்கும் மேற்சுரங்கள் ஒவ்வொன்றும் எவ்வளவு வலுவோடு இருக்கின்றன என்பதே என்று நிறுவினார்; மின்காந்தத்தால் அதிரும் இசைக்கவைகளை வரிசையாக நிறுத்தி, அவற்றின் வலுவைக் கூட்டியும் குறைத்தும், உயிரெழுத்துகளை ஒத்த ஒலிகளை உண்டாக்கியும் காட்டினார். சுரத்தின் தொடக்கமும் முடிவும் முக்கியமானவை என்பதை அவர் அறிந்தே இருந்தார்; ஆயினும் தம் ஆராய்ச்சியை நிலைத்து நிற்கும் நடுப்பகுதியோடு நிறுத்திக்கொண்டார். அவர் வேண்டுமென்றே வகுத்துக்கொண்ட எல்லையை, அவருக்குப் பின் வந்த பாடநூல்கள் நாதத்தின் எல்லையாகவே எடுத்துக்கொண்டுவிட்டன. மேற்சுரங்களின் பட்டியல் ஒன்று கையில் இருந்தால் எந்த வாத்தியத்தையும் படைத்துவிடலாம் என்ற எண்ணம் அப்படித்தான் ஊன்றியது.

அந்த எண்ணத்தை அசைத்தவர்களுள் ஒருவர் ழான் க்ளோத் ரீஸே. 1960-களின் நடுவில், அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாகாணத்திலுள்ள பெல் ஆய்வுக்கூடத்தில், கணினியைக் கொண்டு டிரம்பெட்டின் ஒலியை உண்டாக்க முனைந்த அவர், நிலையான மேற்சுரப் பட்டியலிலிருந்து கட்டப்பட்ட எந்த ஒலியும் டிரம்பெட்டாகக் கேட்கவில்லை என்பதைக் கண்டார். பித்தளைக் குழாயில் ஊதுபவரின் மூச்சு வலுக்க வலுக்க மேற்சுரங்கள் அடிப்படைச் சுரத்தைவிட வேகமாக வலுக்கின்றன என்பதும், சுரம் தொடங்கும் மிகச் சிறிய அவகாசத்துக்குள் தாழ்ந்த மேற்சுரங்கள் முந்தியும் உயர்ந்தவை சற்றுப் பிந்தியும் வந்து சேர்கின்றன என்பதும் அவருடைய ஆராய்ச்சியில் வெளிப்பட்டன. உரப்பும், மேற்சுரங்களின் வலுவால் வரும் ஒளிர்வும் கைகோத்து ஏறி, கைகோத்து இறங்க வேண்டும். அப்போதுதான் செவி, இது பித்தளை, இதை ஒரு மனிதர் ஊதுகிறார் என்று ஒப்புக்கொள்கிறது.

ஏறக்குறைய அதே வருஷங்களில், நியூயார்க் மாகாணத்தின் ட்ரூமன்ஸ்பர்க் என்ற சிற்றூரில், ராபர்ட் மோக் என்ற இளைஞர் தெரமின் என்னும் வாத்தியத்தின் உதிரிப்பாகங்களைத் தொகுத்து விற்றுக்கொண்டே, அருகிலிருந்த கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டத்துக்கும் படித்துக்கொண்டிருந்தார். 1964-ஆம் வருஷக் கோடையில் ஹெர்பர்ட் டாய்ச் என்ற இசையமைப்பாளர் அவருடைய பட்டறைக்கு வந்து தங்கினார். மின்னழுத்தத்தால் ஆளப்பட்டு ஒலியலைகளை எழுப்பும் ஆசிலேட்டர்கள் அங்கே ஏற்கெனவே பாடத் தொடங்கியிருந்தன. ஒரு வோல்ட் கூடினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும் என்ற நியதியும் பிறந்துகொண்டிருந்தது. ஆனால் ஒலி ஓயாமல் ஒலித்தது. அதற்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. சுரத்தைச் சுரமாக உச்சரிக்க ஒரு வழி வேண்டும் என்று டாய்ச் கேட்க, எதிரிலிருந்த ஹார்டுவேர் கடைக்குப் போய் வீட்டுவாசல் அழைப்புமணிப் பொத்தான் ஒன்றை வாங்கிவரும்படி மோக் சொன்னாராம். பொத்தானை அழுத்தினால் மின்தேக்கி ஒன்றில் மின்னூட்டம் ஏறும், விட்டால் வடியும், அந்த ஏற்றமும் வடிதலும் ஒலியின் அளவை ஆளும். சொற்ப விலைக்கு வாங்கிய அந்தப் பொத்தானோடு, ஓயாத மின்னொலி முதன்முதலாக மூச்சுவிடக் கற்றுக்கொண்டது என்பேன்.

இங்கே ஒரு சூக்ஷ்மத்தைக் கவனிக்க வேண்டும். மின்தேக்கி வடியும்போது ஒரே சீராக வடிவதில்லை. கொதித்த பால் ஆறுவது போல முதலில் விரைந்தும் பிறகு மெல்ல மெல்லவும் வடிகிறது. மீட்டிவிட்ட தந்தியும் தட்டிவிட்ட மணியும் அடங்குவது பெரும்பாலும் இதே கணக்கில்தான். மின்சுற்றில் இருந்த எளிய பௌதிகமும் இயற்கையின் பௌதிகமும் ஒன்றாக இருந்தமையால், அந்த ஒடுக்கம் முதல் நாளிலேயே செவிக்கு அந்நியமாகப்படவில்லை.

அடுத்த வருஷம், கொலம்பியா-பிரின்ஸ்டன் மின்னணு இசை மையத்தைச் சேர்ந்த விளாடிமிர் உஸசெவ்ஸ்கி, ஒலியின் வாழ்வை நான்கு பகுதிகளாக வகுத்து, அதற்கேற்ற கருவிகளைச் செய்துதரும்படி மோக்கிடம் கேட்டார். இன்று கீபோர்டு வாசிக்கும் எவரும் அட்டாக், டிகே, சஸ்டெய்ன், ரிலீஸ் என்று சொல்லும் நான்கும் அங்கிருந்து வந்தவையே. அவை சேர்ந்த வடிவத்தை என்வலப் என்கிறார்கள். விசையை அழுத்தியதும் ஒலி உச்சத்தை எட்ட எடுத்துக்கொள்ளும் நேரம், அதாவது எழுச்சி, முதலாவது. உச்சத்திலிருந்து நிலைக்கு இறங்கும் நேரம், அதாவது சரிவு, இரண்டாவது. விரல் விசையின்மேல் இருக்கும்வரை தங்கும் நிலை மூன்றாவது. விரலை எடுத்தபின் மறையும் நேரம், அதாவது ஒடுக்கம், நான்காவது. இவற்றுள் மூன்று காலத்தைக் குறிப்பவை, ஒன்று மட்டும் உயரத்தைக் குறிப்பது என்பதை நான் வெகுநாள் வியந்திருக்கிறேன். ஒலி எப்படிப் பிறக்க வேண்டும், எப்படி இளகி அடங்க வேண்டும் என்பதையெல்லாம் முன்கூட்டியே விதித்துவைக்கும் யந்திரம், அது எவ்வளவு காலம் வாழ வேண்டும் என்பதை மட்டும் வாசிப்பவரின் விரலுக்கே விட்டுவைக்கிறது. நிலையைச் சூன்யத்துக்கு இறக்கிவிட்டால் வீணையைப்போல மீட்டியவுடன் தேயத் தொடங்கும் வாத்தியம் கிடைக்கிறது. உயர்த்தி நிறுத்தினால் மூச்சுள்ளவரை நிற்கும் நாகஸ்வரத்தின் ஜாதி கிடைக்கிறது. வாத்தியங்களின் இரு பெருங்குலங்களுக்கும் இடையிலுள்ள தூரம் இவ்வளவுதானா என்று முதன்முதலில் இதைச் செய்துபார்ப்பவர் திகைக்காமல் இருக்க முடியாது.

இனி வடிகட்டி, ஃபில்டர் என்றே எல்லோரும் சொல்கிறார்கள். ஆசிலேட்டர் தரும் ரம்பப்பல் அலையில் எல்லா மேற்சுரங்களும் உண்டு. அடிப்படையையே முதலாவதாக வைத்து எண்ணினால், இரண்டாவது மேற்சுரம் அடிப்படையில் பாதி வலுவும், மூன்றாவது மூன்றில் ஒரு பங்கும், பத்தாவது பத்தில் ஒரு பங்கும் கொண்டு வரிசையாக நிற்கும். சதுர அலையிலோ ஒற்றைப்படை மேற்சுரங்கள் மாத்திரமே இருப்பதால், அதன் நாதம் கிளாரினெட்டின் தாழ்ந்த சுரங்களைப்போல உள்ளே வெற்றிடம் உடையதாகக் கேட்கும். நிறைந்து, கரகரத்து, செவியை நெருடும் இந்த மூலஒலியிலிருந்து வேண்டாததை நீக்குவதே வடிகட்டியின் வேலை. மோக் 1966-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1969-இல் பெற்ற வடிகட்டியில், டிரான்சிஸ்டர் ஜோடிகள் ஏணியின் படிகளைப்போல ஒன்றன்மேல் ஒன்றாக நிற்க, அவற்றின் இடையே நான்கு மின்தேக்கிகள் அமைந்திருக்கின்றன. கட்-ஆஃப் என்ற எல்லைக்கு மேலே போகப்போக, ஒவ்வொரு ஸ்தாயிக்கும் ஒலி 24 டெசிபெல் குறைகிறது, அதாவது வீச்சு பதினாறில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. அந்த எல்லையையும் மின்னழுத்தமே நகர்த்துகிறது என்பதுதான் அதன் பெருமை. ரெசனன்ஸ் என்ற குமிழைத் திருப்பினால், வெளிவரும் ஒலியில் ஒரு பகுதி மீண்டும் உள்ளே செலுத்தப்பட்டு, எல்லையருகே உள்ள மேற்சுரங்கள் மட்டும் தலைதூக்கி நிற்கின்றன. மிகுதியாகத் திருப்பினால், உள்ளே எந்த ஒலியும் வராதபோதும் வடிகட்டி தானே ஒரு தூய சுரத்தைப் பாடத் தொடங்கிவிடுகிறது.

இந்த வடிகட்டலை யந்திரத்தின் விந்தை என்று எண்ணிவிடலாகாது. ஒரே சுருதியில் நின்று ஆகாரத்திலிருந்து ஊகாரத்துக்கும், ஊகாரத்திலிருந்து ஈகாரத்துக்கும் மெல்லப் போய்ப் பாருங்கள். குரல்நாண்கள் எழுப்பும் மேற்சுரம் நிறைந்த ஒலி பெரும்பாலும் மாறாதிருக்க, நாவும் இதழும் தாடையும் வாய்க்குழியின் வடிவை மாற்றி, சிலவற்றை உயர்த்தியும் சிலவற்றை அடக்கியும் உயிரெழுத்துகளை வேறுபடுத்துகின்றன. மோர்சிங் வாசிப்பவர் செய்வதும் இதுவே. அந்த இரும்பு நாக்குக்கு ஒரே சுருதிதான், அதில் கேட்கும் சொற்கள் பலவற்றை வாய்தான் வடித்துத் தருகிறது. பிறந்த குழந்தையின் முதல் அழுகையிலிருந்து மனிதர் எல்லோரும் வடிகட்டியோடு வாழ்கிறவர்கள். ஆகவேதான் நகரும் வடிகட்டி வழியாக வரும் மின்னொலியில் யாரோ பேச வாயெடுப்பது போன்ற ஒரு சாயல் தோன்றுகிறது. நகராத வடிகட்டியில் அது தோன்றுவதில்லை.

நகர்த்துவது எது என்ற கேள்வியில்தான் இக்கலையின் ஜீவன் இருக்கிறது. 1970-இல் வெளிவந்த மினிமோக் என்ற சிறு சிந்தசைசரில் மோக்கின் குழுவினர் இரண்டு என்வலப்புகளை வைத்தார்கள். ஒன்று ஒலியின் உரப்பை ஆள்வது, மற்றொன்று வடிகட்டியின் எல்லையை ஆள்வது. இரண்டாவதன் எழுச்சியைச் சற்றே தாமதப்படுத்தி, ஒரு கண்ணிமைப்பில் ஒரு பங்கு நேரத்தில் வடிகட்டி திறக்குமாறு செய்தால், ரீஸே கணினியில் கண்ட டிரம்பெட்டின் இலக்கணம் விரலின்கீழ் உயிர்பெறுகிறது. எழுச்சியை முற்றிலும் அகற்றி, சரிவை மட்டும் சுருக்கி வைத்தால், தந்தியைச் சுண்டியதுபோல ஒளிர்ந்து உடனே இருளும் தாழ்ந்த சுரம் வருகிறது. நீண்ட எழுச்சியும் நீண்ட ஒடுக்கமும் சேர்ந்தால், வில் போட்டு இழுக்கும் பல தந்திகளின் சாயல். குமிழைச் சற்றே திருப்பினால் ஒரு வாத்தியம் இன்னொன்றாகும் அந்த எல்லைக்கோட்டில் செவியை வைத்துக் காத்திருக்கும் பொறுமை எவரிடம் உண்டோ, அவரையே நான் இக்கலையில் தேர்ந்தவர் என்று மதிக்கிறேன்.

கலிபோர்னியாவில் பெர்க்லி நகரில் இதே காலத்தில் தம் வழியிலேயே சென்றுகொண்டிருந்த டான் புக்லா, பியானோவின் விசைப்பலகையை அப்படியே எடுத்துக்கொள்ள மறுத்தவர். அவருடைய யந்திரத்தில்தான் மார்ட்டன் சுபாட்னிக் 1967-இல் வெளியான இசைத்தட்டு ஒன்றை முழுமையாகப் படைத்தார். புக்லா செய்த ஒரு கருவியில், சிறு விளக்கு ஒன்றின் எதிரே, வெளிச்சம் பட்டால் மின்தடை குறையும் பொருள் ஒன்று வைக்கப்பட்டிருந்தது. விளக்கு அணைந்த பின்னும் அந்தப் பொருள் உடனே பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. அதன் தயக்கத்தினால் ஒலியின் உரப்பும் ஒளிர்வும் ஒருங்கே, அவசரமின்றித் தாழ்கின்றன. மரத்தைத் தட்டியது போலவும், நீரில் கல் விழுந்தது போலவும் கேட்கும் அந்த ஒலிகளை வேறெந்த உபாயத்தாலும் இவ்வளவு எளிதாகப் பெற முடியாது. பொறியாளர் பிழையென்று தள்ளக்கூடிய ஒரு மந்தத்தை இசைக்காக வைத்துக்கொண்ட அவருடைய செவியை நான் வணங்குகிறேன்.

பிறந்த ஒலி வாழும்போது அசைய வேண்டும்; அதற்கே மாடுலேஷன். மெதுவாக அதிரும் ஓர் ஆசிலேட்டரை, செவிக்கு நேரே எட்டாமல், மற்றொன்றின் சுருதியை ஆட்டுவதற்கு மட்டும் பயன்படுத்துவது அதன் மிக எளிய உருவம். வினாடிக்கு ஆறு முறை அளவில் சுருதி ஆடினால், மேல்நாட்டுப் பாடகரின் குரலில் உள்ள வைப்ராட்டோ கிடைக்கிறது. ஆயினும் யந்திரத்தின் ஆட்டம் தவறாத சீருடையது. உயிருள்ள குரலின் அசைவோ ஒவ்வொரு சுரத்திலும் புதிதாகத் தீர்மானிக்கப்படுவது. நம் கமகம் சீரான ஆட்டத்தில் அடங்காதது என்பதை இசை கேட்டுப் பழகிய யாரும் அறிவர். அதை யந்திரத்தில் கொண்டுவர விரும்புபவர், ஆட்டத்தை ஆசிலேட்டரிடம் ஒப்படைக்காமல், மினிமோக்கின் இடது ஓரத்தில் உள்ள சக்கரத்தையோ அதன் வழித்தோன்றல்களையோ கையால் ஆள்வதே முறை.

1967-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங், கணினியில் வைப்ராட்டோவின் வேகத்தையும் ஆழத்தையும் கூட்டிக்கொண்டே போனார். வினாடிக்கு இருபது முறையைத் தாண்டிய ஓரிடத்தில், ஆட்டமாகக் கேட்டது ஆட்டமாகக் கேட்பதை நிறுத்தி, புதியதொரு நாதவர்ணமாக மாறியது. காலத்தில் நடந்த அசைவு நிறமாக உருமாறும் அந்த எல்லையைத் தம் செவியால் கண்டவர் அவர். ஆட்டும் அலை, ஆட்டப்படும் அலை ஆகிய இரண்டின் அதிர்வெண்களும் முழு எண் விகிதத்தில் நின்றால் சுருதிசுத்தமான ஒலியும், அவ்விகிதம் பிசகினால் மணியோசையும் கிடைத்தன. சில வருஷங்களுக்குப் பின், ரீஸேயின் டிரம்பெட் ஆராய்ச்சியை நினைவுகூர்ந்து, ஆட்டத்தின் ஆழத்தை என்வலப்பால் ஆண்டபோது, வடிகட்டியே இல்லாமல் பித்தளையின் ஒளிர்வு எழுந்தது. 1973-இல் அவர் எழுதிய கட்டுரையும், யமஹா நிறுவனம் அம்முறைக்கு உரிமைபெற்று 1983-இல் வெளியிட்ட டி.எக்ஸ்.7 என்ற கீபோர்டும் பின்னர் உலகெங்கும் பரவின. வழி முற்றிலும் வேறு; ஆனால் செவி கேட்டது அதே ஒன்றை, உரப்போடு சேர்ந்து ஏறி இறங்கும் ஒளிர்வை.

எழுச்சியையும் வடிகட்டலையும் பொறுமையோடு அமைக்கும் உழைப்புக்கு உதாரணமாக, பாக் என்ற ஐரோப்பிய இசைமேதையின் படைப்புகளைக் கொண்டு வெண்டி கார்லோஸ் 1968-இல் வெளியிட்ட இசைத்தட்டைச் சொல்லலாம். ஒரு நேரத்தில் ஒரு சுரத்தையே பாடக்கூடிய மோக் யந்திரத்தில், பாக்கின் ஒவ்வொரு இழையையும் தனித்தனியே வாசித்து, ஒவ்வொன்றுக்கும் தனி எழுச்சியும் தனி வடிகட்டலும் அமைத்து, நாடாவில் அடுக்கடுக்காகச் சேர்த்தார் அவர். இழைகள் ஒன்றிலொன்று கலங்காமல் துலங்குவதற்குக் காரணம், ஒலியின் பிறப்பில் அவர் காட்டிய சிரத்தையே. நம் தேசத்திலும் இது அந்நியமாக இருக்கவில்லை: 1969-இல் ஆமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் டேவிட் ட்யூடர் ஒரு மோக் யந்திரத்தை நிறுவ, கீதா சாராபாய் முதலியோர் அதில் சோதனைகள் செய்தனர். அந்த ஒலிநாடாக்கள் வெகுகாலம் கேட்பாரற்றுக் கிடந்தது நமக்குப் பெரிய நஷ்டம்.

1978-இல் டேவ் ஸ்மித் வெளியிட்ட ப்ராஃபெட்-5, குமிழ்களின் நிலையை நினைவில் வைத்துக்கொண்டு, 40 ஒலிகளைப் பொத்தான்கள் மூலமே திருப்பித் தந்தது. அதற்குமுன், கண்டடைந்த ஒலியைக் காகிதத்தில் வரைந்துவைத்துக்கொண்டு மறுநாள் மீண்டும் தேட வேண்டியிருந்தது. மேடையில் வாசிப்பவர்களுக்கு அது பெரிய வரப்பிரசாதம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதைத் தொடர்ந்து வந்த கருவிகளில் நூற்றுக்கணக்கான ஒலிகள் ஆயத்தமாக அடைந்துகிடக்க, டி.எக்ஸ்.7-இல் ஒலி அமைப்பது மிகவும் கடினமாக இருக்க, தேடும் பழக்கம் தேர்ந்தெடுக்கும் பழக்கமாகச் சுருங்கிவிட்டது. நம் திரையிசையிலும் மேடைகளிலும் ஒரே ஒலிகள் திரும்பத் திரும்பக் கேட்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். பிறர் அமைத்த ஒலியில் பிறருடைய செவி குடியிருக்கிறது. அதில் எவ்வளவு நல்ல ராகத்தை வாசித்தாலும் ஒரு பாதி இரவலாகவே நின்றுவிடுகிறது.

ஆதலால் கீபோர்டு வைத்திருக்கும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். காசில்லாமல் கணினியில் கிடைக்கும் சிந்தசைசர்களில்கூட, எல்லாக் குமிழ்களையும் தொடக்க நிலைக்குக் கொண்டுவரும் வசதி உண்டு. அதை அழுத்துங்கள். ஒரேயொரு ரம்பப்பல் அலையை வைத்துக்கொள்ளுங்கள். வடிகட்டியைப் பாதிக்கு மூடுங்கள். எழுச்சியை மட்டும் அணுவணுவாகக் கூட்டி, எந்த இடத்தில் அடி மூச்சாக மாறுகிறது என்று கேளுங்கள். பிறகு வடிகட்டிக்கென்று தனியே ஒரு என்வலப்பைக் கொடுங்கள். ஒரு மாலைப்பொழுது முழுவதும் இதற்கே போனாலும் போகட்டும். உங்களுடையது என்று சொல்லத்தக்க ஒரு ஒலி அமைந்தபின் ஆயத்த ஒலிகளின் பக்கம் போகலாம்.